அன்றாட வாழ்வில் ஆண்டவரைக் கண்டுகொள்ள: நெல்லைச் சீமையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம். மெஞ்ஞானபுரத்தில் பனைகளுக்கு மேலே 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம். மணப்பாட்டில் கடலைப் பார்த்த மணல்மேட்டில் திருச்சிலுவைக் கோயில். நெல்லைச் சீமையில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு சிலுவை கண்ணில் படும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடி உருகின அதே மனுஷருக்குத் திங்கட்கிழமை காலையில் ஆண்டவர் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் இருக்கிறது. குழுக் கடனுக்குத் தவணை நாள், பிள்ளையின் காலேஜ் பீஸ், அப்பாவின் டயாலிசிஸ், துபாயிலிருந்து வராத போன். இதற்கெல்லாம் நடுவில் அவரை எங்கே தேடுவது?

"விசுவாசமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். எப்படி இருப்பது என்று கூட உட்கார்ந்து சொல்கிறவர்கள் குறைவு. அந்த 'எப்படி'யைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கங்களை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். கத்தோலிக்க வீடுகளில் சில பெயர்கள் மாறும், அவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனசு இளகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பக்தியைக் கையால்தான் தொடங்கினார்கள். அரிசியை அள்ளினார்கள், மணி அடித்ததும் எழுந்தார்கள், நோயாளி வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார்கள். மனசு சில நாள் கூடவே வந்தது. சில நாள் வரவில்லை. வராத நாளிலும் கை நிற்கவில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வழியில்தான் போகிறது.

தொடங்குமுன்: எம்மாவு வழியை ஒருமுறை வாசியுங்கள்

லூக்கா 24-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனத்திலிருந்து 35 வரை. இயேசு சிலுவையில் மரித்து மூன்றாம் நாள். இரண்டு சீஷர்கள் எருசலேமை விட்டு எம்மாவுக்கு நடந்து போகிறார்கள். உயிர்த்தெழுந்தவர் கூடவே நடக்கிறார்; அவர்களுக்கு ஆள் தெரியவில்லை. "நாங்களோ அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்" என்று அவரிடமே சொல்லி வருத்தப்படுகிறார்கள். எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தவர்களோடுதான் அவர் நடந்தார்.

அந்த வழியில் என்னென்ன நடந்தது என்று கவனியுங்கள். மனதில் இருந்ததைக் கொட்டினார்கள். அவர் வேதத்தை எடுத்துச் சொல்லக் கேட்டார்கள். சாயங்காலம் ஆயிற்று, எங்களோடு தங்கும் என்று வருந்திக் கூப்பிட்டு வீட்டில் பந்தியில் உட்காரவைத்தார்கள். அப்பத்தைப் பிட்டபோது கண் திறந்தது. அதற்குப் பிறகுதான், வழியில் அவர் பேசினபோதே நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று திரும்பிப் பார்த்தார்கள். புலம்பல், வேதம், பந்தி, திரும்பிப் பார்த்தல். கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து எடுத்தவை.

முதல் படி: பத்து நிமிஷம், ஒரே இடம்

அரைமணி நேரம், ஒரு மணி நேரம் என்று தொடங்க வேண்டாம். பத்து நிமிஷம் போதும். ஆனால் இடமும் நேரமும் மாறக் கூடாது. அடுப்படியில் ஒரு மனை, மொட்டை மாடியில் ஒரு நாற்காலி, கடை திறக்குமுன் கல்லாப்பெட்டிப் பக்கம், எதுவானாலும் சரி. போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் போனில்தானே இருக்கிறது என்பவர்கள் நூறு ரூபாய்க்கோ இருநூறு ரூபாய்க்கோ ஒரு அச்சுப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் திறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போய்த்தான் முடியும்.

உட்கார்ந்ததும் விண்ணப்பப் பட்டியலைத் தொடங்காதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா இருங்கள். "ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன், நீரும் இருக்கிறீர்" என்று ஒருமுறை சொன்னால் போதும். பிறகு வேதம் ஐந்து நிமிஷம், ஜெபம் மூன்று நிமிஷம். காலையில் முடியவே முடியாதவர்கள் உண்டு. நாலரை மணி வண்டியைப் பிடிக்கிற டிரைவர், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய். அவர்கள் மத்தியானமோ ராத்திரியோ வைத்துக்கொள்ளலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: வேதத்தைக் கொஞ்சமாகவும் சத்தமாகவும் வாசியுங்கள்

புது வருஷ ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் எழுதின அட்டை, எடுக்காத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். அட்டையை நான் குறை சொல்லவில்லை. கண்ணாடி பிரேமில் மாட்டின அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டே வருஷத்தைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அட்டையோடு நின்றுவிடும்போது வேதம் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆகிவிடுகிறது. நல்ல வசனம் வந்தால் சந்தோஷம், புரியாத வசனம் வந்தால் பயம்.

அதிகம் பேர் வீட்டில் மாட்டியிருக்கிற ஒரு வசனத்தையே எடுத்துக்கொள்வோம், எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. 70 வருஷம் அங்கேதான் இருப்பீர்கள் என்று அதில் இருக்கிறது. கடிதம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஊர் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆண்டவர் சொன்னது ஐந்தாம் வசனத்தில்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். சிறையிருப்பு முடிந்த பிறகு வாழத் தொடங்குங்கள் என்று சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே நடுங்கள் என்றார்.

இதை வாசிக்கும்போது எனக்கு முதலூர் ஞாபகம் வரும். கிறிஸ்தவர்களானதற்காக அடிபட்டு, குடியிருந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக 1799-ல் நிலம் வாங்கி உண்டாக்கின ஊர் அது. சுந்தரானந்தம் தாவீது என்ற உபதேசியார் முன்னின்று செய்தார். செம்மண் தேரியில் ஓலைக் குடிசையும் ஒரு சிறு ஜெபவீடும் போட்டு அவர்கள் தொடங்கினார்கள். கிறிஸ்தவ நம்பிக்கை பார்வைக்கு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் குடிசைகள்தான் மனதில் வரும்.

வாசிப்பதற்கு ஒழுங்கு: மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷத்தில் அதுவே சிறியது. ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் மட்டும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கண்ணால் வாசிக்கக் கரடுமுரடாகத் தெரியும். வாய்விட்டு வாசித்தால் காது பழகிக்கொள்ளும். முடித்ததும் மூன்று கேள்வி: இதில் இயேசு யாரிடம் போகிறார்? யார் அவரைத் தடுக்கிறார்கள்? நான் இன்று யார் பக்கம் நிற்கிறேன்? பீடி சுற்றுகிறவர்கள், தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆடியோவில் கேட்கலாம். ஒரே அதிகாரத்தை இரண்டு தடவை ஓடவிடுங்கள், இரண்டாவது தடவைதான் காதில் ஏறும்.

மூன்றாம் படி: புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

நம் சபைகளில் அதிகம் விடுபட்டுப்போன படி இதுதான் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாவு வீட்டில் அழுகிறவளிடம் போய், "விசுவாசி அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்கிற பழக்கம் எங்கிருந்தோ வந்துவிட்டது. வேதத்தில் அப்படி இல்லை. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார். அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் தேவனுடைய ஜனங்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார்கள். புலம்பல் அவிசுவாசம் என்றால் வேதத்தில் பல பக்கங்களைக் கிழிக்க வேண்டிவரும்.

ஒப்பாரி வைத்து அழுத ஆச்சிமார் நம் ஊரில் இருந்தார்கள். நெஞ்சில் இருப்பது முழுவதும் வெளியே வந்துவிடும், பிறகு எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பார்கள். அந்த அழுகையை ஆண்டவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் அதுதான் சங்கீதம்.

13-ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆறே வசனம். முதலில் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" பிறகு கேட்பது. கடைசியில் நம்புகிறேன் என்று சொல்வது. இதே வரிசையில் நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள். வேதத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற பேச்சே போதும். இப்படி:

"ஆண்டவரே, மூணு மாசமா இந்தக் கடன் கழுத்த நெரிக்கி. நீரு பாக்கீரா இல்லையா? ராத்திரி கண்ணு மூட முடியல. எம் பிள்ளைக்கி ஒரு வேலையக் குடும். இல்லன்னா அவன் மொகத்தப் பாத்துப் பேசுற தைரியத்தையாவது குடும். போன வருஷம் ஆஸ்பத்திரில எங்களக் கைவிடல நீரு. அத நான் மறக்கல."

கடைசி வரியைக் கட்டாயப்படுத்தி எழுத வேண்டாம். வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தைப்போல் விட்டுவிட்டு ஆமென் சொல்லுங்கள். எழுதின தாளை வேதாகமத்துக்குள் வைத்து, ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது வாரக்கணக்கில் நீடித்தாலும், செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரே ஒருமுறை வந்தாலும், டாக்டரிடம் போக வேண்டும். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. மாத்திரை சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துபோகாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற சபைப் போதகரை யாரும் சந்தேகப்படுவதில்லையே.

நான்காம் படி: ஒரு வேலையோடு ஒரு ஜெபத்தை முடிந்து வையுங்கள்

நாளின் பெரும்பகுதி வேலையில்தான் போகிறது. அங்கே ஆண்டவர் இல்லை என்றால் வாழ்க்கையில் முக்கால்வாசியில் அவர் இல்லை என்றாகிவிடும்.

கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? விடியுமுன் பனையேறி இறக்கிக் கொடுத்த பதநீரை அந்த அம்மா பெரிய தாச்சியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் வைத்து எரிப்பார்கள். மணிக்கணக்கில் கொதிக்கும். நுரை தள்ளும்போது துடுப்பால் துழாவ வேண்டும். நிறம் மாறிப் பாகு இறுகி வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார்கள். பதம் தப்பினால் அன்றைய உழைப்பு போயிற்று. பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இந்த வேலையில் ஜெபத்துக்கென்று தனி நேரம் கிடையாது. ஆனால் துடுப்பு ஒவ்வொரு சுற்று வரும்போதும் "இயேசுவே, இரக்கமாயிரும்" என்று சொல்ல முடியும். அடுப்புப் புகையில் கண் எரியச் சொல்கிற அந்த இரண்டு சொல்லும் ஜெபம்தான். கோயிலில் ஒலிபெருக்கியில் சொல்கிறதைவிடக் குறைந்தது ஒன்றும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. தினமும் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். கடை ஷட்டரைத் தூக்குவது, கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு அடிப்பது, வகுப்பறைக் கதவைத் திறப்பது, பஸ்ஸில் விசில் ஊதுவது. அதோடு ஒரு வரி ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். ஆசிரியராக இருந்தால், "இந்தப் பிள்ளைகளில் உம்மைப் பார்க்கக் கண் தாரும்." ரேஷன் கடையில் எடை போடுகிறவராக இருந்தால், "என் கை நேராயிருக்கட்டும்." ஒரே வேலை, ஒரே வரி. மாதம் ஒன்று ஆனபின் கை வேலையைத் தொடும்போதே வாய் ஜெபத்தைத் தொடும்.

சேர்த்து ஒன்று. எடையில் குறைக்கிற கையும் லஞ்சம் வாங்குகிற கையும் இந்த ஜெபத்தைச் சொன்னால் சீக்கிரம் இரண்டில் ஒன்று நிற்கும்.

ஐந்தாம் படி: பிடி அரிசி

உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. நம் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம் இது. பணம் கையில் இல்லாத வீட்டுப் பெண்களும் கொடுக்க முடிந்த காணிக்கை. அளந்து கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை, அவரவர் கைதான் அளவு.

நான் இதை நம்பிக்கையின் படியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அரிசி இருக்குமா என்று தெரியாத வீட்டில் இன்று ஒரு பிடியை எடுத்து வைப்பதென்றால், நாளையைப் பற்றி யாரோ ஒருவரை நம்புகிறாள் என்று பொருள். வாயால் சொல்லாமல் கையால் சொல்கிற விசுவாசப் பிரமாணம் அது.

1903-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, பின்னால் 1912-ல் இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அந்தச் சங்கத்தின் கொள்கை. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். பனையேறியின் வீட்டிலிருந்தும் வயல்காட்டு வீட்டிலிருந்தும் வந்த சில்லறைக் காணிக்கைதான் அதைத் தாங்கிற்று.

உங்கள் வீட்டில் குக்கரில்தான் சோறு என்றாலும் இதைச் செய்யலாம். அரிசி அளக்கும்போது ஒரு பிடியை ஒரு டப்பாவில் போடுங்கள். மாதக் கடைசியில் தெருவில் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு, எந்த மதத்தாராக இருந்தாலும், யாருக்கும் சொல்லாமல் கொடுங்கள். பிள்ளைகள் கையால் அள்ளட்டும். ஜிபே-யில் அனுப்பினால் சீக்கிரம் முடிந்துவிடும்தான். ஆனால் நாள்தோறும் கை தொடுகிற பழக்கம் அதில் வராது.

ஆறாம் படி: ராத்திரியில் திரும்பிப் பாருங்கள்

எம்மாவு சீஷர்களுக்கு நடக்கும்போது தெரியவில்லை, பிறகுதான் தெரிந்தது. நமக்கும் அநேகமாக அப்படித்தான். அதனால் படுக்குமுன் ஐந்து நிமிஷம் நாளைப் பின்னோக்கி நடந்து பாருங்கள். சாயங்காலத்திலிருந்து காலை வரை. இன்று யார் என்னிடம் தயவாக நடந்தார்கள்? நான் யாரைக் காயப்படுத்தினேன்? எந்த நேரத்தில் மனசு லேசானது? ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி, அல்லது ஒரு மன்னிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி வீட்டுக்குள் வந்தது, ஏரல் பக்கம் வாழைத் தோட்டங்கள் மூழ்கின. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ராத்திரியில் ஆண்டவர் எங்கே என்று கேட்காதவர் யார்? ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூரிலிருந்து வந்த ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள், அவர்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்கும்போதே, இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளம் ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மத்தேயு 25-ல் பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள் என்கிறவர் அந்த ரயிலில் இருந்தார் என்று நம்புகிறேன்.

ஏழாம் படி: ஒரு நோயாளியோடு உட்காருங்கள்

மாதத்தில் ஒருமுறையாவது. அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

போவதற்கு முறை இருக்கிறது. உரத்த சத்தத்தில் ஜெபிக்காதீர்கள், பக்கத்துக் கட்டிலிலும் நோயாளி இருக்கிறார். "தேவ சித்தம்", "பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்ற பேச்சே கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாக இருந்தார்கள். பேசத் தொடங்கினபோதுதான் கெட்டது. ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள். 23-ஆம் சங்கீதம் போதும், நினைவு தப்பினவர்கள்கூட வாய் அசைத்துச் சேர்ந்து சொல்வார்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எழுந்துவிடுங்கள். பிறகு முக்கியமானது: கூட இருந்து பார்க்கிறவரைக் கவனியுங்கள். வராந்தாவில் பாயை விரித்துப் பல ராத்திரி தூங்காமல் கிடக்கிறவர் அவர்தான். "மைனி, நீங்க வீட்டுக்குப் போயிக் குளிச்சிட்டு ஒரு மணி நேரம் தூங்கிட்டு வாங்க, அண்ணன நான் பாத்துக்கிடுதேன்." இதைவிடப் பெரிய பிரசங்கம் அந்த வார்டில் யாரும் செய்துவிட முடியாது.

படுக்கையில் இருப்பவரே இதை வாசித்தால், அவருக்கு ஒரு வார்த்தை. தோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஆமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் ஒரு குழியில் விழுந்து காலும் முதுகும் அடிபட்டு, 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய அறைக்குள்ளேயே இருந்தார். அந்த இருபது வருஷமும் வீணாகவில்லை. எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து போனார்கள். தோட்டத்தில் அவர் கல்லறைக்குமேல் நடுகல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் "அம்மா" என்று மட்டும் பொறித்திருக்கிறது.

எட்டாம் படி: பந்தியில் உட்காருங்கள், சபையை விட்டுப் போகாதீர்கள்

சபையால் காயப்பட்டவர்கள் நம் பகுதியில் ஏராளம். தேர்தல் சண்டை, கோர்ட் வழக்கு, பதவி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதி. இதை மூடி மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினவர். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அதே ஊரில் பின்னால் கட்டின கோயில் சாதிவாரியாக இரண்டு பிரிவாக இருந்தது, நடுவில் தடுப்புச் சுவர். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததற்கு எதிர்ப்பும் வழக்கும் வந்தன. ஆனாலும் சுவர் திரும்பி எழவில்லை. நம் வரலாற்றில் இரண்டும் இருக்கின்றன. எந்தப் பக்கம் நிற்கப்போகிறோம் என்பது நம் கையில்.

அசனத்துக்கு, அதாவது கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் பந்திக்கு, போங்கள். முந்தின ராத்திரியே ஆம்பளைகள் அண்டாவை ஏற்றி, விடியவிடிய வெங்காயம் உரித்து, கறி வெட்டிக் குழம்பு வைப்பதையும், மறுநாள் ஊரே தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதையும் சும்மா விருந்தென்று நினைக்காதீர்கள். திருவிருந்தின் அப்பம் தெருவுக்கு வந்த மாதிரி அது. ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் குடும்பத்துக்குப் பக்கத்தில் உட்காராமல், இதுவரை நீங்கள் பேசாத ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். பரிமாறக் கூப்பிட்டால் கடைசி வரிசைக்குப் பரிமாறுங்கள். சபையில் மனசு நொந்திருந்தால் கமிட்டியை விட்டு விலகியிருங்கள், பந்தியை விட்டு விலகாதீர்கள். ஜெபிக்க இரண்டு பேர் கிடைத்தால் வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். ஒரு சங்கீதம், ஒருவருக்கொருவர் ஜெபம், ஒரு காப்பி. அது போதும்.

ஒன்பதாம் படி: கல்லறைக்குப் போங்கள்

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடி இங்கேதான் இருக்கிறது. வேலை கிடைக்கும், கடன் தீரும், நோய் குணமாகும் என்பதெல்லாம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் கொரிந்தியருக்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதிவிட்டார். அவர் எழுந்தார் என்பதன்மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

நம் சபைகள் பலவற்றில் உயிர்த்தெழுந்த பண்டிகையன்று இருட்டோடு கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை வைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாளாவது தூக்கத்தை விட்டுவிட்டு அதற்குப் போய்விடுங்கள். பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள். தாத்தா, ஆச்சி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றவிட்டு, அவர்கள் பெயரைச் சொல்லி, இவர்கள் எழுந்திருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆவியாக எங்கோ மிதப்பார்கள் என்று சொல்ல வேண்டாம். சரீரத்தோடு எழுந்திருப்பார்கள் என்றே விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம்.

சமீபத்தில் ஒருவரை இழந்தவர்கள் அங்கே பாட முடியாமல் நிற்பார்கள். அவர்களுக்காக நீங்கள் பாடுங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் துக்கிக்காதிருங்கள் என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதிருங்கள் என்றுதான் சொன்னார். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஆறாம் மாதம் அந்த வீட்டுக்குப் போகிறவர் யார் என்று பாருங்கள். யாரும் இல்லையென்றால் நீங்கள் போங்கள்.

விட்டுப்போன நாட்களில் என்ன செய்வது

கட்டாயம் விட்டுப்போகும். கல்யாண வீடு வரும், காய்ச்சல் வரும், மனசு மரத்துப்போகும் வாரங்களும் வரும். ஒன்பது படியையும் ஒரே நாளில் தொடங்கினவர்கள் பத்தாம் நாள் எல்லாவற்றையும் விடுவார்கள். முதல் படியையும் ஆறாம் படியையும் மட்டும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின லெந்து காலம் நாற்பது நாளும் செய்து பாருங்கள். மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-ல் தொடங்கின கோயில் 1880-ல்தான் பிரதிஷ்டையானது, 33 வருஷம். கட்டி முடியாத சுவர்களுக்குப் பக்கத்திலேயே சபை அத்தனை வருஷமும் கூடி ஆராதித்தது.

வீட்டில் கணவரோ மனைவியோ வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அவர் முன்னால் அதிகம் பேசாமல், பொறுமையாக இருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தால் சனிக்கிழமை ராத்திரி வீடியோ காலில் ஒரு சங்கீதம் வாசிக்கலாம், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல்.

விட்டுப்போன நாட்களுக்கான வேதபகுதியைச் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம். கணக்கு ஏறிக்கொண்டே போய்ப் பயம்தான் மிஞ்சும். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் புத்தகம் அவருடைய இரக்கங்களைச் சொல்கிறது. ஆகவே விட்ட இடத்தைத் திறந்து, அங்கிருந்து இன்றைக்கு ஒரு சம்பவத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள்.